மீன் பார்க்கும் மிஷின்

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுள் நின்றதில் இடது காது போய்விட்டது. "வலது காது நல்லாக் கல்லாட்ட இருக்குது புள்ள" என்பார். நானும் நம்பினேன். வேலையை விட்டு ஊரோடு வந்தவர் சும்மா இருந்தாரா? சின்னதாக ஒரு பைபர் படகை வாங்கி, ஜேடர்பாளையத்தில் அணைக்கு மேலே ஆற்றில் விட்டார்.

தை மாதக் காலைகளில் ஆற்றின் மேல் பனி இறங்கினால் எதிர்க்கரையை விடுங்கள், தண்ணீரே காணாமல் போய்விடும். அணையில் ஷட்டரைத் தூக்கும் முன் சங்கு ஊதுவார்கள். கேட்டவுடன் கரைக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இழுவை படகை அணைப் பக்கம் கொண்டுபோய்விடும். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு இந்த மனுசனுக்கு அது கேட்குமா? கேட்டாலும் கரை எந்தப் பக்கம் என்று தெரியுமா?

"வழி காட்டற மிஷின் ஒண்ணு வாங்கிக்கங்க" என்றேன்.

"மீனக் காட்டற மிஷின் வாங்கலாம்" என்றார் அவர்.

இரண்டும் சேர்ந்தே இருக்கும் மிஷினின் விலையைக் கேட்டதும் இரண்டு பேரும் கடையை விட்டு வெளியே வரப் பார்த்தோம். எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தவர் சேலத்துக் கடைக்காரர்தான். "போன்லயே மேப் இருக்குதுங்களேக்கா. தண்ணி போகாத கவர் ஒண்ணு போட்டாப் போதும். மீன் மிஷினுக்கு மட்டும் செலவு பண்ணுங்க." எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கியது. கவர் பார்க்க நான் அந்தப் பக்கம் போன நேரத்தில் இவர் மிஷினைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்துப் போர்வெல்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை அடி? ஆயிரம் அடிக்கு மேல் பார்க்குமாம் அந்த மிஷின். இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை! ஆற்றில் கொண்டுபோய் இறக்கினால், மேலிருந்து கீழ் வரை திரை முழுக்க ஒரே கறுப்பாக அப்பிக் கிடந்தது. எங்கள் ஆறு அந்த இடத்தில் இரண்டாள் ஆழம். "ஏனுங்க, பாறைக்குள்ள ஊத்து தேடறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், முகம் தொங்கிப்போனது.

மாற்றப் போனபோது கடைக்காரர் சிரித்தார். "அது கடலுக்குப் போறவங்களுக்குங்க. காலடில இருக்கறது அதுக்குத் தெரியாது. ஆழம் எவ்வளவுன்னு அன்னைக்கே கேட்டனுங்க. அண்ணன் சிரிச்சிக்கிட்டே தலையாட்டினாருங்க." ஆசை கண்ணை மறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விலை குறைந்த குட்டி மிஷின் ஒன்றைக் கொடுத்தார். அதன் கண் போன்ற உருண்டையை மூங்கில் குச்சியில் கட்டித் தண்ணீருக்குள் விட வேண்டும். அது கீழே சத்தத்தை அனுப்புமாம். பட்டுத் திரும்பி வரும் சத்தம் திரையில் படமாகுமாம்.

துடுப்பும் போட்டுத் திரையும் பார்க்க அவரால் முடியவில்லை. அதனால் ஒரு காலையில் நானும் ஏறினேன். முன்னால் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிஷினைக் கையிலும் போனை மடியிலும் வைத்துக்கொண்டேன். சுற்றிலும் வெள்ளை. படகு போகிறதா, நிற்கிறதா, எனக்குச் சொல்லத் தெரியாது. திரையில் மட்டும் ஆற்றின் அடி மெதுவாக நகர்ந்தது. ஒரு மணல் மேடு, ஒரு பள்ளம், என்றைக்கோ மூழ்கிய மரம். மரத்துக்கு மேலே வளைவாக ஒரு கோடு வந்து கரைந்தது. மீன்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. மேடு, பள்ளம், மீன் என்று பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

"திருப்புங்க" என்றேன். துடுப்புச் சத்தம் அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. மடியில் போனைப் பார்த்தால், எங்கள் புள்ளி அணையை நோக்கி நகர்கிறது. "ஏனுங்க, சங்கு ஊதறாங்க!" கத்தினேன். துடுப்பு நிற்கவில்லை. நான் அப்படியே திரும்பினேன். என் முகத்தைப் பார்த்த மறுநொடி படகைத் திருப்பினார். போனில் வந்த வழி கோடாகத் தெரிந்தது. நான் கையை நீட்டி நீட்டிக் காட்ட, அந்தக் கோட்டின் மேலேயே கரை வந்து சேர்ந்தோம்.

இறங்கியதும் அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டேன். "வலது காதும் கேக்காதா?"

அவர் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ரொம்ப நாளாச்சு புள்ள. உன்ற வாயப் பாத்துத்தான் பேசிக்கிட்டிருக்கறேன். சொன்னா ஆத்துக்கு உடமாட்டயே. இனிமே என்னயப் பாத்து உக்காந்துக்க."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தினமும் படுத்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுத்தான் நான் மனசில் கிடப்பதையெல்லாம் கொட்டுவேன். அவரும் "ம், ம்" என்று கேட்பார்.

"அப்போ இருட்டுல நான் பேசுனதெல்லாம்?"

"உன்ற முதுகுல கை வெச்சிருப்பனில்ல. நீ பேசறது கைக்குத் தெரியும். நிறுத்துனா 'ம்'னு சொல்லுவேன்."

இப்போதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் விளக்கை அணைக்கிறேன்.