பச்சைத் தொப்பியில் இரண்டு வருஷம்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு இருபது. அந்த நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், நான் அப்போது நீச்சல் குளத்து ஆபீஸ் அறையின் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். எதிரே நின்ற கோச்சின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

இன்று காலை கடையில் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தேன். மூக்கில் ஏறிய அந்தக் குளத்து நெடியோடு அந்த நாலு இருபதும் வந்துவிட்டது. அரைக் கிலோ கேட்டவருக்கு ஒரு கிலோ போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் நீச்சல் குளமா என்று கேட்பீர்கள். ஊரே அப்படித்தான் கேட்டது. குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம். மூடிப்போன பஞ்சு மில் ஒன்றின் வளாகத்தில், மில்காரர் மகன் தன் போர்வெல்லை நம்பி அந்தக் குளத்தைக் கட்டினார். உப்புத் தண்ணீர். நீந்தி வரும் பிள்ளைகளின் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். குடத்தோடு போகிற பெண்கள் இரும்புக் கேட்டின் இடுக்கில் எட்டிப் பார்த்து, "இங்க சோறு பொங்கத் தண்ணியக் காணோம், இவுக மீனு வளக்குறாக" என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். பெற்றோர் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்த நேரத்தில் மட்டும் காது கேட்காது.

எங்கள் பேச்செல்லாம் தொப்பியைப் பற்றித்தான். அந்தக் கிளப்பில் ஐந்து நிலை, நிலைக்கு ஒரு நிறம். வெள்ளைத் தொப்பி என்றால் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடிக்கிற கூட்டம். மஞ்சள் போட்டவர்கள் குளத்தின் அகலத்தைக் கடப்பார்கள். பச்சை போட்டவர்கள் நீளத்தை, கயிற்றைத் தொடாமல். நீலம் வேண்டுமென்றால் நாலு வகை நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும், எட்டடி ஆழத்தில் மேடையிலிருந்து தலைகீழாகப் பாயவும் வேண்டும். சிவப்பு, போட்டிக்குப் போகிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வேன் ஏறி மதுரை, திருநெல்வேலி என்று போய்விடுவார்கள். எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் கோச்சிடமே போய், "நீலத் தொப்பி ஒண்ணு என்ன வெலம்மா? பய பொறந்த நாளுக்குப் போட்டுக்கிரட்டும்" என்று கேட்டார்.

கோச் சிரிக்கவில்லை. "வெல இருக்கு அண்ணாச்சி. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பதினாறு தடவ போய்ட்டு வரச் சொல்லுங்க" என்றார். ஜெனிட்டா என்று பெயர். தூத்துக்குடிக்காரர், முப்பது வயதிருக்கும்.

என் மகள் தாரணி ஒன்பது வயதில் வெள்ளை, பத்தில் மஞ்சள், பதினொன்றில் பச்சை. அதற்குப் பிறகும் பச்சை. மறுபடியும் பச்சை.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் திருச்சுழிப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் கண்மாய் சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் நிறையும். நிறைந்தால் கொண்டாட்டம். ஆனால் பிள்ளைகள் யாருக்கும் நீந்தத் தெரியாது. பழகுவதற்குத் தண்ணீர் இருந்தால்தானே. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அப்படி நிறைந்த தண்ணீரில் என் பெஞ்சுக்காரன் முருகன் போய்விட்டான். நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் வாத்தியார் பழக்கத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. கடற்கரைக்குப் போனாலும் செருப்பைக் கழற்றாத மனுஷன் என்று என் மனைவி செல்வி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மகளை நீச்சலில் சேர்த்தது அந்தப் பயத்தால்தான். பச்சையோடு நிறுத்தியதும் அதே பயத்தால்தான். எதிலாவது விழுந்தால் கரையேறிவிடுவாள், அதற்குப் பச்சை போதும் என்று நினைத்தேன். தலைகீழாகப் பாய என்ன அவசியம்? இப்போதைக்கு நீலம் கொடுக்க வேண்டாம் என்று தனியாகப் போய்க் கோச்சிடம் சொன்னேன்.

"அவ எப்பவோ ரெடி சார்" என்றார்.

"ஒரு வருஷம் மட்டும் போகட்டும்மா. நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க."

"பின்ன என்னன்னு சொல்ல?"

"டர்ன் சரியில்லன்னு சொல்லுங்க."

சுவரருகே குட்டிக்கரணம் போட்டு, காலால் உதைத்துத் திரும்புவதற்கு டர்ன் என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்தே நான் கற்றுக்கொண்ட நீச்சல் அவ்வளவுதான். அதை இப்படிப் பயன்படுத்தினேன். கோச் தலையாட்டினார். ஒரு வருஷம் என்றது இரண்டானது.

தாரணி விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹாலில் டைல்ஸ் தரையில் போர்வையை விரித்து மல்லாந்து படுப்பாள். இரண்டு காலாலும் சுவரை ஓங்கி உதைத்தால், போர்வையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு சோபா வரை போவாள். "அப்பா, இப்ப எம்புட்டுத் தூரம்? நேத்தையவிடக் கூடவா?" என்பாள். ஹார்டுவேர் கடைக்காரன் வீட்டில் டேப்புக்கா பஞ்சம். குனிந்து அளந்து சொல்வேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை நிலை மாற்றும் நாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நீலத் தொப்பி வாங்கினார்கள். தாரணி கை தட்டினாள். கோச் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே என்னால முடியாது சார். நீங்க கேட்டீங்கன்னு ரெண்டு வருஷமாப் பொய் சொல்லிட்டேன். அந்தப் பிள்ள என் மொகத்தவே பாத்துட்டு நிக்குது."

கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தபோது, வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு தாரணி நின்றாள். திரும்பி, உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

பத்து நிமிஷம் கழித்துக் கோச் உள்ளே போய்ப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. பின் கேட் திறந்து கிடந்தது. நான் முதலில் ஓடியது எட்டடிப் பக்கத்துக்கு. தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் போட்ட கறுப்புக் கோடு முழுக்கத் தெரிந்தது. தெரிந்தும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சார், உள்ள இல்ல சார், தெரியுதுல்ல? வெளிய போய்த் தேடுங்க" என்று கோச் கையைப் பிடித்து இழுத்தார்.

செல்விக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். இரண்டு வருஷத்தையும் சேர்த்தே சொன்னேன். "மொதல்ல புள்ளையத் தேடுங்க. ஒங்களுக்கு அப்புறம் இருக்கு" என்று வைத்துவிட்டாள். தோழிகள் வீடு, டியூஷன், கோயில், ஜூஸ் கடை என்று வண்டியில் சுற்றினேன். கையில் காசில்லாத பிள்ளை எங்கே பஸ் ஏறப் போகிறது என்று பஸ் ஸ்டாண்டைக் கடைசியாக வைத்திருந்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது பஸ்ஸே ஏறாதவனுக்கு ஆறு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் குளம் இப்போது இல்லை. மறு கோடையில் போர்வெல் வற்றியது. லாரித் தண்ணீர் வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள், பிறகு மண்ணடித்து மூடிவிட்டார்கள். மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். குளத்தின் மேல் கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், எட்டடிப் பக்கம் எதுவாக இருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கோச் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தாரணி விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள். நீலத் தொப்பியை அவள் போட்டது மூன்றே மாதம். சிவப்புக்கு நாள் இருக்கவில்லை. அந்த நாட்களை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு ஆறு நாற்பதுக்கு எம்.ரெட்டியபட்டி பஸ் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றது. முதலில் கண்டக்டர் இறங்கினார். ஓடி வந்த என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ஒங்க புள்ளையா அண்ணாச்சி? ரெட்டியபட்டி வந்தும் எறங்கல. எங்கதான் போணும்னு கேட்டா தெரியலன்னுது. சரி, இருந்த சீட்டுலயே இருன்னு திருப்பிக் கூட்டியாந்துட்டேன். எதுக்கு வஞ்சீக?"

"வையலங்க."

"வையாமலா இம்புட்டு அழும்?"

தாரணி படியில் இறங்கினாள். முடி காய்ந்து விறைத்துப்போயிருந்தது. நான் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்: முருகன், கண்மாய், என் பயம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாள், கத்துவாள் என்று நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்போ நான் நல்லாத்தான் நீந்துனேனாப்பா?" என்றாள். "ரெண்டு வருஷமாவா?"