ஏழாவது வரிக்கு எதிரே ஒரு டிக்

லிப்ட் மெக்கானிக்குக்கு மூக்கின் மேல் கோபம் என்பது அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பொத்தானை ஐந்து தடவை அமுக்கினால் லிப்ட் ஐந்து மடங்கு வேகமாக வரும் என்று நம்புகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருஷமாக ஊரையெல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, தான் மட்டும் அதே நீலச் சட்டையில் நிற்கிற மனிதர். தொழிலில் அவர் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம். கை தொட்டுப் பார்க்காத எதற்கும் சோதனைத் தாளில் டிக் போடக் கூடாது. அந்த விஷயத்தில் அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் பதினைந்து நாளைக்கு முன்னால் மேற்பார்வையாளர் வந்து நின்றார். "மூணாவது மாடிக் கதவுப் பூட்டைத் திறந்து பார்த்ததா டிக் போட்டிருக்கீங்க. மூடி மேல இருக்குற தூசிகூடக் கலையலையே?"

திறந்தேன் என்று மெக்கானிக் கத்தினார். மூடியின் ஆணி இறுகிக் கிடந்ததுகூட நினைவிருக்கிறது என்றார். "சரி விடுங்க, வயசாகுதுல்ல" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். அன்றிலிருந்து மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்று, அந்த ஆள் பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தன் மண்டைக்குள் ஏதோ கழன்றிருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. கட்டட வரைபடம் போடுகிறவள். பாகங்களை வாங்கிக் கடையிலேயே பொருத்தித் தரச் சொல்லலாம் என்று இருந்தாள். "எதுக்கு? நான் மாட்டித் தர்றேன்" என்றார் அப்பா. பாசம் பொங்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் போட்ட கணக்கே வேறு. நாற்பத்தோரு சின்னச் சின்ன வேலைகளைத் தாளில் எழுதினார். அத்தனையும் சரியாகச் செய்து, முதல் அமுக்கிலேயே அது ஓடிவிட்டால் தன் மூளைக்கு ஒன்றுமில்லை, பொய்யன் மேற்பார்வையாளர்தான். இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வேலை முடிந்தது. நாற்பத்தோரு டிக். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பொத்தானை அமுக்கினார். விசிறி ஒரு துடிப்பு துடித்து நின்றுவிட்டது. மறுபடி மறுபடி அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் அதே துடிப்பு, அப்புறம் கப்சிப்.

"அப்பா, நீங்களே அஞ்சு தடவை அமுக்குறீங்க" என்று மகள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "புதுப் பொருள்லயே கோளாறு வர்றது உண்டுப்பா. ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்."

கோளாறான பொருள்! மெக்கானிக் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் எல்லோரும் வாங்கிய பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். இவரோ, ஏதாவது ஒன்றாவது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடினார்.

பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தார். விசிறி ஜம்மென்று சுற்றியது. "அப்பாடா, இது நல்லாருக்கு" என்றாள் மகள். அவர் உடனே அடுத்ததற்குத் தாவினார். பொத்தான் மேல் சந்தேகப்பட்டு, அதை விட்டுவிட்டு அது சேரும் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டார். அதே துடிப்பு. பொத்தானும் நல்ல பிள்ளைதான். மெமரியை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார், அதிலும் பழுதில்லை. சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஒவ்வொருவராக விடுதலையாகிப் போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சம் யார் என்று அவருக்குத் தெரியும்.

"மதர்போர்டை வெளிய எடுத்து, அதோட அட்டைப்பெட்டி மேல வச்சுப் பார்த்துடலாம்பா. நெட்ல கடைசியா அதைத்தான் செய்யச் சொல்றாங்க."

ஒன்பது ஆணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அட்டைப்பெட்டி மேல் வைத்து, ஒயர்களைச் செருகி, முனைகளைத் தொட்டார். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது. மகள் கைதட்டிக் குதித்தாள். எல்லாப் பாகங்களும் சொக்கத் தங்கம்.

அவள் கம்ப்யூட்டரின் வெறும் கூட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். "இதோ! போர்டைத் தாங்குற இந்தப் பித்தளை முளையைப் பாருங்க. இதுக்கு மேல போர்டுல ஓட்டையே இல்ல. போர்டோட முதுகுல இடிச்சு ஷார்ட் ஆகியிருக்கு, அதான் உடனே அணைஞ்சுபோச்சு. இவ்வளவுதானா!" இரண்டு விரலால் அதைத் திருகி எடுத்து மேஜையில் போட்டாள்.

மெக்கானிக் தாளை எடுத்தார். ஏழாவது வரி: நடுவிலுள்ள உபரி முளையைக் கழற்றவும். எதிரே அழுத்தமாக ஒரு டிக்.

மறந்துபோயிருந்தால் அவர் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டார். மறதி யாருக்குத்தான் இல்லை? அவருக்கோ அதைக் கழற்றியது நினைவிருந்தது. விரலில் பட்ட சில்லிப்பு, முதல் சுற்று இறுகியிருந்தது, பாட்டில் மூடிக்குள் போட்டது, எல்லாமே நினைவிருந்தது. மூடியைப் பார்த்தார். காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் பொய் சொல்லவில்லை.

"விடுங்கப்பா, எல்லாரும் பண்ற தப்புதான்" என்றாள் மகள். அவர் தலையாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அவருக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் வேலை. இவர் மேலே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். அந்த ஒரு குரலை நம்பி, துணை மெக்கானிக் கீழே லிப்ட் குழிக்குள் இறங்குவான். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அவனைத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு ஆஃப் பண்ணிட்டேன்னு நான் சொன்னா நம்பாத. இறங்காத. நான் செய்யாததெல்லாம் செஞ்ச மாதிரியே எனக்கு நினைவு இருக்குடா."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை.

"தெரியும்ணே. ஸ்பானரை மறந்துட்டேன்னு தினமும் மேல ஏறி வர்றேன்ல, ஒரு சாமானையாவது ஞாபகமா எடுத்துட்டுப் போக மாட்டியான்னு நீங்ககூடத் திட்டுவீங்களே. ஸ்பானருக்காக வரலண்ணே. சுவிட்சைப் பார்க்கத்தான் வர்றேன். நாலு மாசமா."

"அணைஞ்சுதானே இருந்துச்சு?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ரெண்டு தடவை ஆன்லதான் இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலண்ணே."

"எந்த ரெண்டு நாள்?"

அவன் நாளையும் கட்டடத்தையும் சொன்னான். அந்த இரண்டு நாளும் சுவிட்சைக் கீழே இழுத்து அணைத்தது மெக்கானிக்குக்கு நன்றாக நினைவிருந்தது.