ஆனியின் கடைசி முகூர்த்தம்

பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையை இடிக்கப் போவதாகச் சொல்லி, ஆடிக்கு முன் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் கணவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நான் வீட்டு வேலைக்குப் போகிறேன். எங்கள் வருமானத்தைக் கேட்டதுமே புரோக்கர்கள் முகம் சுளித்தார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் வாடகையைச் சொல்லும் முன் சாதியைக் கேட்டார்கள். வந்த கோபத்தில் அவர்கள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கடைசியில் எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீடு ஒத்திக்கு வந்தது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வரும். என் நகை எல்லாவற்றையும், தாலிச் செயின் உட்பட, விற்றுத்தான் பணத்தைப் புரட்டினோம்.

வீடு பார்த்த அன்றே ஏதோ உறுத்தியது. சமையல் மேடையில் பால் பொங்கி வழிந்து காய்ந்த கறை இருந்தது. மற்றபடி யாரும் குடியிருந்த அடையாளமே இல்லை. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நீங்களும் ஒத்திக்குத்தான் வந்திருக்கீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பத்திரம் எழுதுறவர் ஊர்ல இல்லைங்க. ஆவணியில வெச்சுக்கலாமே" என்றார் வீட்டுக்காரர், ரொம்ப மரியாதையாக. அதுவரை எங்கே போவது? ஆடியில் யாராவது பால் காய்ச்சுவார்களா? ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கு இரண்டே நாள்தான் இருந்தது. "பத்திரம் அப்புறம் எழுதிக்கலாங்க, சாவியைக் குடுங்க" என்று நானேதான் கெஞ்சிப் பணத்தை அவர் கையில் திணித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முகூர்த்தத்தன்று காலையில் சாமி படம், உப்பு, மஞ்சளோடு போனோம். கொண்டுபோன அடுப்பில் பாலை வைத்தபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கலாம். இடுப்பில் குழந்தை, கையில் புதுப் பால் பாத்திரம். அவள் புருஷன் கையில் இந்த வீட்டுச் சாவி இருந்தது.

"யாருங்க நீங்க? இன்னிக்கு இங்க நாங்கதானே பால் காய்ச்சுறோம்?" என்றாள்.

என் கணவர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். அவள் புருஷனும் போட்டுப் பார்த்தான். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே வெறும் மஞ்சள் கயிறுதான் இருந்தது, எனக்கு இருப்பதைப் போலவே.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். சேர்ந்து போலீஸுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: யார் பால் முதலில் பொங்குகிறதோ அவர்களுக்குத்தான் வீடு. கணவரை உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அடுப்பில் தீயைக் கூட்டினேன்.

"அக்கா, திறங்கக்கா, நாங்களும் பணம் குடுத்திருக்கோம்கா" என்று அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. நான் திரும்பவில்லை.