டிபன் கேரியரில் போன கட்டி

லேப்காரனுக்கு ஆள் முகம் தெரியாது. சளி, ரத்தம், சதைத் துண்டு, அவ்வளவுதான் பழக்கம். ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களே, உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அங்கே லேப் என் கையில்.

செல்லாயி கேட்டது

செல்லாயிக்கு மார்பில் கட்டி. சிலோனில் கொழுந்து பறித்தவள். கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். இங்கே தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலி.

அப்போது ஒரு புதுப் பரிசோதனை வந்திருந்தது. வெட்டியெடுத்த கட்டிக்குள் ஒரு வகைப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ஒரு மாத்திரை கேட்கும். ஆள் சில வருஷம் தாங்கும். இல்லையென்றால் கஷ்டம். டாக்டரம்மா விளக்கி முடித்தார். செல்லாயி என் பக்கம் திரும்பினாள். "தொரை, மக டீச்சருக்குப் படிக்குது. முடிக்கட்டும்னு விடவா, இல்ல இப்பவே எவன் கையிலயாச்சும் புடிச்சுக் குடுத்துரவா?"

ஐஸ்

அந்தப் புரதம் சீக்கிரம் கெட்டுப்போகும். வெட்டிய கையோடு ஐஸில் வைத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஆபரேஷன் அன்று பார்த்து எங்கள் ஐஸ் பிளாஸ்க் விழுந்து உடைந்தது. மார்கழி மாதம். ஐஸ்கிரீம் கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். "ஏன் சார், வெளிய புல்லெல்லாம் ஒறைஞ்சு கெடக்கு, உங்களுக்கு ஐஸு வேணுமாக்கும்?"

பஸ்

சதைத் துண்டைக் குப்பியில் போட்டோம். டிபன் கேரியரில் கடைக்காரர் கொடுத்த ஐஸை நிரப்பி நடுவில் புதைத்தோம். டாக்டரம்மாவே மதுரை பஸ்ஸுக்கு ஓடினார். கண்டக்டர் முருகேசன் நல்ல மனுஷன். "பத்திரம்ப்பா, ஒரு பொம்பளை உசிரு இதுல இருக்கு" என்று டாக்டரம்மா சொல்ல, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். "எம்புள்ளை மாதிரி பாத்துக்கிறேன் டாக்டரம்மா. நீங்க வெரசா போயி அந்த அம்மாவைக் கவனிங்க."

ரிசல்ட்

ஐஸ் தண்ணீராகத்தான் வந்தது என்றார்கள் மதுரையில். கீழே வெயில், உருகியிருக்கும் என்று விட்டுவிட்டோம். பரிசோதனையில் புரதம் இல்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை.

செல்லாயி அழவில்லை. மகளின் படிப்பை நிறுத்தினாள். அடுத்த முகூர்த்தத்திலேயே ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிவைத்தாள். என்னய்யா அவசரம் என்று செல்லாயி புருஷனிடம் எரிந்து விழுந்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "நாள் இல்லேன்னு சொன்னது நீங்கதானே தொரை?"

முருகேசன்

சில மாதம் கழித்து முருகேசன் இருமலோடு வந்தார், சளி பரிசோதனைக்கு. மலை பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இஞ்சின் மூடிதான் மரியாதையான இடம். சாப்பாடு ஆறாமலிருக்க கேரியரை அங்கேதான் வைப்பார்கள். எனக்கு அது தெரியும். அதுவரை அதை நினைக்கவில்லை. முருகேசன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த அம்மா சொகமா இருக்காங்களா சார்? அன்னைக்கு என் சோத்தைக் கீழ எறக்கிட்டு, உங்க கேரியரை இஞ்சின் மேலயே வச்சுக் கொண்டுபோனேன். மதுரை வரைக்கும் சூடு கொறையல."

மாத்திரை

சளிக்குக் குப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு நேரே போனேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் செல்லாயியை வரச் சொன்னார். பிறகு, புரதம் இருந்தாலும் இருந்திருக்கும், சூட்டில் கெட்டிருக்கும் என்று மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதற்குள் நோய் எலும்புக்குப் போயிருந்தது.

மாத்திரை கேட்டது. வலி குறைந்தது, எழுந்து நடந்தாள். ஆனால் ரொம்ப நாள் இல்லை. அடுத்த மார்கழியைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள். கடைசியாக வந்தபோது மகள்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள், நிறைமாத வயிற்றோடு. செல்லாயி அவளைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "மாத்திரை கேக்குது தொரை. இத முன்னமே குடுத்திருந்தா, இவ இந்நேரம் பள்ளிக்கூடத்துல நிப்பா."

எதையும் ஆறவிடாமல் காப்பாற்றுவதில் எங்கள் மலைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதுதான் தொந்தரவு.