பேர்ணடெற் அக்காவின் டொஸ்

இங்கிலீசைப் போலக் கழுத்தறுக்கிற பாஷை வேறொன்று கிடையாது. சந்தேகமிருந்தால் பேர்ணடெற் அக்காவைக் கேளுங்கள்.

மன்னாரில் அவருக்குத் தெரிந்த ‘டொஸ்’ கிரிக்கெட்டில் காசு சுண்டுவது மட்டுந்தான். தொண்ணூற்று நான்கில் கடல் கடந்து பார்க்டேலுக்கு வந்திறங்கி, ஒரு கல்யாண மண்டபத்துக் குசினியில் சலாட் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். நான் அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஷெஃப் ஒரு பெரிய சட்டியில் இலைகளைப் போட்டு, எண்ணெயும் தேசிக்காய் பிழிந்த புளியும் விட்டு, இரண்டு கையாலும் பிரட்டிக் காட்டி, “டொஸ்!” என்றான். அக்கா தலையாட்டினார். டொஸ் என்றால் பிரட்டுவது. ஒன்று அவர் மண்டைக்குள் ஏறிவிட்டால் பிறகு ஆண்டவர் வந்தாலும் இறக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை ஒரு வெள்ளைக்காரக் கல்யாணம். குளிர் அறை பழுதாகி இறாலெல்லாம் கெட்டுவிட்டது. ஷெஃப் ஓடுகிற ஓட்டத்தில் இறாலைக் காட்டி, “பேர்ணடெற், டொஸ் இட்!” என்று கத்திவிட்டுப் போனான்.

அக்கா குனிந்து மணந்து பார்த்தார்.

“நாறுதடி, அருள்மலர்.”

“அவனைக் கேட்டுப் பாருங்கோவன் அக்கா.”

“கேட்டால் குலைப்பான். சீஸையே நாறவிட்டுத் தின்னுற சனம். உந்த இறாலையும் அப்பிடித்தான் தின்னுங்களாக்கும்.”

தேசிக்காய்ப் புளியை அள்ளி ஊற்றிப் பிரட்டினார். சலாட்டோடு தட்டுகளில் வைத்தார். பரிமாறுகிறவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஷெஃப் திரும்பி வந்தான். “டொஸ் பண்ணிவிட்டாயா?”

“யெஸ் ஷெஃப். வெரி குட் டொஸ்.”

“குட்” என்றவன் குப்பை வாளியை எட்டிப் பார்த்தான். “இறால் எங்கே?”

அக்கா மண்டபத்துக் கதவைக் காட்டினார்.

அவன் முகம் வெளிறிப்போனது. ஒரு தக்காளியை எடுத்துக் குப்பை வாளிக்குள் எறிந்து, “டொஸ்! இதுதான் டொஸ்!” என்று அலறினான்.

“ஐயோ, மடு மாதாவே!”

அக்கா றப்பர் பூட்சோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஒரு சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கப்போகிறதே!

மணமகள் முள்ளுக்கரண்டியில் ஒரு இறாலைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் தொடங்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். அக்கா படித்த இங்கிலீசெல்லாம் அந்த நேரம் பார்த்துப் பறந்துவிட்டது. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

“டொஸ்! டொஸ்!”

மண்டபமே திரும்பியது. மணமகளின் தகப்பன் முகம் மலர்ந்து எழுந்தார். “ஆ, டோஸ்ட்!” என்று வைன் கிளாசை உயர்த்தினார். மணமக்களை வாழ்த்திக் குடிக்கச் சொல்லிக் குசினிக்காரி ஓடி வந்திருக்கிறாளாம்! சபை முழுவதும் எழுந்தது. மணமகளும் கரண்டியை வைத்துவிட்டுக் கிளாசை எடுத்தாள்.

அவர்கள் வாழ்த்தி முடிப்பதற்குள் நாங்கள் தட்டுகளை அள்ளிவிட்டோம். ஒருவர் வாயிலும் படவில்லை.

குசினியில் ஷெஃப் தட்டுக் குவியலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். திட்டக்கூடத் தெம்பில்லாமல் குவியலைக் காட்டி, “டொஸ் இட்” என்றான்.

அக்கா அசையவில்லை. இடுப்பில் கையை வைத்தபடி கேட்டார்:

“விச் டொஸ், ஷெஃப்?”