மருதம்மாளுக்கு நோயே கிடையாது

மருதம்மாளுக்கு எழுபது வயது. பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவி ஓய்ந்து, இப்போது பாக்கார் ஆராங் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்பது ஒரு பேச்சுக்கு. வெள்ளிக்கிழமையானால் கோயில் அன்னதானச் சமையல்கட்டுதான் அவளுக்கு வீடு. சம்பளமில்லாத சேவை. கூலி, தன் வயதுக்காரர்களைக் கேவலமாகப் பேசும் உரிமை.

"என்னைப் பாரு, சாம்பார் அண்டாவ ஒத்தக் கையால கிண்டுறேன். இதுங்க அறுபதுலயே நாக்காலி தேடுதுங்க."

கிளினிக்கில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தருவார்கள். வாங்கி வருவாள், விழுங்க மாட்டாள். கரண்டி பிடிக்கிற கைக்கு ஏது நோய்? ஓசியில் வந்ததை வீணாக்கவும் மனம் வராது. முந்தானையில் முடிந்துவந்து, தலைவலி என்பவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். அதுவும் சேவைதானாம். யாரும் வேண்டாம் என்றதில்லை. சும்மா கிடைத்தால் எலிப் பாஷாணத்தையும் வாயில் போட்டுக்கொள்ளும் கூட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை, வெறும் வயிற்றோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிரேமாவதி தலை சுற்றுகிறது என்றாள்.

"பிரஷர்லா அது. இந்தா, ரெண்டு போடு."

போட்டாள். பந்தி தொடங்குமுன் வெங்காயத் தோல்மேலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இனிமே நீங்க சமையல்கட்டுப் பக்கம் வர வேணாம்," என்றார் கோயில் செயலாளர் காளிதாசன். தைப்பூசத்தன்று அவரும் அந்த மாத்திரையைத் தின்றவர்தான். அதைச் சொல்லவில்லை.

"அவ உடம்பு சொத்தை. அதுக்கு என்னைத் தொரத்துறியா தம்பி?"

வீட்டில் உட்கார்ந்தவளுக்கு முழங்கால் வலித்தது. பிறகு இடுப்பு. பிறகு மூச்சு. மருமகள் உமாராணி தண்ணீர் கொண்டுபோனால், "எங்கேம்மா முடியுது, இந்தத் தீவாளிய பாக்க மாட்டேன்" என்று முனகுவாள். உடம்பில் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. கிண்ட அண்டாவும் ஏச ஆளும் இல்லை, அவ்வளவுதான்.

உமாராணி காளிதாசனிடம் போய் நின்றாள். "அண்ணே, அவங்கள நீங்களே எடுத்துக்குங்க. இல்லாட்டி நான் படுத்துருவேன்."

அவர் ஒரு நிபந்தனை போட்டார்: வரலாம், ஆனால் தன் மாத்திரையைத் தானே, பிரேமாவதியின் கண்முன் விழுங்க வேண்டும். மருதம்மாள் ஒரு நாள் முழுக்க ஏசினாள். வெள்ளிக்கிழமை, முழங்காலை மறந்து, எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள்.

பிரேமாவதி கரண்டியும் கையுமாக வந்தாள். "முழுங்குங்க. ம்... வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க."

சமையல்கட்டே சிரித்தது. மருதம்மாள் நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்க. சீக்காளிங்க மனசு நோகக் கூடாதேன்னு தின்னேன்," என்று பிரேமாவதி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.