ஒன்றுமே மணக்காத வீடு

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பாவின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தையும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஏது விடுமுறை என்று யோசிக்கிற வயது இல்லை எனக்கு. ஜூன் மாதம் பள்ளி திறந்து, ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்த பிறகும் அத்தையின் விடுமுறை முடியவில்லை. கொடுத்துவைத்தவள் என்று உள்ளுக்குள் பொறாமைப்பட்டேன்.

அப்போது நாங்கள் திருத்தங்கலில், ஒரே வாசலுக்குள் பல வீடுகள் இருந்த ஒரு வளவுக்குள் வாடகைக்கு இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். அப்பா சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பகலெல்லாம் வீட்டில் அத்தைதான். அவளால் சும்மா உட்கார முடியாது. புளியைப் போட்டுப் பித்தளைக் குடத்தைத் துலக்கினாள். அப்பா கொண்டுவரும் வேஸ்ட் பேப்பரை நனைத்து நிலைக்கண்ணாடியைத் துடைத்தாள். மின்விசிறி இறக்கை வெள்ளை நிறம் என்று எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அம்மாவின் தூக்குச்சட்டி பளபளத்த பளபளப்பில், புதுசு வாங்கிவிட்டாயா என்று கம்பெனியில் கேட்டார்களாம். அம்மா முதலில் பெருமைப்பட்டாள். பிறகு, துவைத்துக் காயப்போட்ட சேலையை அத்தை மறுபடியும் துவைப்பதைப் பார்த்துக் கொஞ்சம் கவலைப்பட்டாள்.

"போதும் தாயி, கையெல்லாம் புண்ணாப் போகுது."

"சும்மா இருந்தா கண்டதையும் நெனைக்கத் தோணுது மதினி," என்றாள் அத்தை.

அம்மாதான் அவளை மகளிர் குழுவில் சேர்த்துவிட்டாள். குழுவில் இருந்து சூலக்கரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், பினாயில் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்த அன்றைக்கே அத்தை எனக்கு அந்த வித்தையைக் காட்டினாள். வாளி நிறையத் தெளிந்த தண்ணீர். அதில் பைன் எண்ணெயும் சோப்புக் குழம்பும் கலந்த கலவையைச் சன்னமாக ஊற்றி, கம்பால் கலக்கினாள். கண்ணெதிரே வாளித் தண்ணீர் பாலாக மாறியது. நான் கை தட்டினேன். அத்தையும் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

வாசனை சேர்ப்பதுதான் சிக்கல். மல்லிகை கூடிவிட்டால் தலைவலி வரும், எலுமிச்சம்புல் குறைந்துவிட்டால் மண்ணெண்ணெய் போல அடிக்கும். அதற்கு நான் தேவைப்பட்டேன். என் மூக்கு எங்கள் குடும்பத்தில் பேர்போனது. கொடியில் கிடக்கும் சட்டை யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பக்கத்து வீட்டில் குழம்பு கொதிக்கும்போதே மீனின் பெயரைச் சொல்வேன். அத்தை ஒவ்வொரு பாட்டிலாக என் மூக்கடியில் நீட்ட, நான் கண்ணை மூடி முகர்ந்து தீர்ப்புச் சொன்னேன். கடைசியில் எலுமிச்சம்புல்லை நான் பாஸ் பண்ணினேன். அதன் பிறகு நடந்தால்கூடத் தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

வளவின் கடைசியில் ஒரு சிறிய வீடு பூட்டியே கிடந்தது. முன்பு அங்கே குடியிருந்தவர்கள் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலையை வீட்டிலேயே செய்தவர்கள். அவர்கள் காலி செய்து போன பிறகு அந்த வீட்டில் ஒரு வாடை தங்கிவிட்டது. புளித்த மாவும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. புதிதாகக் குடிவந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கிப் போனார்கள். வீட்டுக்காரம்மா, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த பாயின் மனைவி, ஆளை வைத்து இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒருநாள் அத்தை அவரிடம் போய் நின்றாள்.

"அக்கா, அந்த வீட்டு வாடைய நான் போக்கிட்டா எனக்கு வாடகைக்குத் தருவீகளா?"

வீட்டுக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாரு யாரெல்லாம் இருப்பீக?"

"நான் மட்டுந்தான்."

அவர் உடனே உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். "அல்லா கிருபையில முடிச்சிரு புள்ள. மத்ததப் பெறகு பேசிக்கிடுவோம்."

அத்தைக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை "அவுக" வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். "அதுக்குள்ள வாடை போயிரணும் மதினி," என்றாள் அத்தை. ஆகவே, வருகிறவர்கள் வாடையைச் சோதிக்க வருகிற அதிகாரிகள் என்று நான் புரிந்துகொண்டேன். சூலக்கரை ஆபீஸிலிருந்தாக இருக்கலாம். என் மூக்கின் பொறுப்பு இன்னும் கூடியது.

சுவரை எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தோம். வினிகர் தெளித்தோம். வீட்டுக்குள் யாரோ ஊறுகாய் போட்டு மறந்துவிட்ட மாதிரி ஆனது. மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டோம். அம்மா சிவகாசியிலிருந்து டப்பாவில் அடைத்த ரூம் ஸ்பிரே வாங்கி வந்தாள். அதை அடித்ததும் முதலில் மல்லிகைப் பந்தலே வந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியிலிருந்து பழைய வாடை தலையை நீட்டியது.

"என்ன புள்ள சொல்லுது உன் மூக்கு?"

"செத்த எலிக்குப் பூ வச்சு விட்ட மாதிரி இருக்கு அத்தை."

அம்மா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அத்தை சிரிக்கவில்லை. மறுநாள் தேங்காய்ச் சவுரி நாரும் வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுக் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு புகை போட்டாள்.

வெடியும் தீப்பெட்டியும் செய்கிற எங்கள் ஊரில் புகை வந்தால் சாம்பிராணி என்று யாருக்கும் தோன்றாது. ஓட்டு இடுக்கு வழியாகப் புகை கசிந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "ஏலே, தீயி!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கிளம்பிவிட்டது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். யாரோ கதவை உதைத்துத் திறக்க, எதிர்வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே வீசினார். கையில் அணைந்துபோன சட்டியோடு, தலையிலிருந்து தண்ணீரும் வேப்பிலையும் சொட்டச் சொட்ட அத்தை வெளியே வந்து நின்றாள்.

"சாம்பிராணிண்ணே," என்றாள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சற்று நேரம் பொறுத்துத்தான் ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மா தெருமுனையிலேயே செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் அவள் என் கையை விடவில்லை.

புகையும் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அத்தை அந்த வீட்டின் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபமாக வந்தது. அதிகாரிகளுக்கு முன்னால் நாங்கள் தோற்பதா? தரையில் குப்புறப் படுத்து, நாய்க்குட்டி மாதிரி மோந்துகொண்டே ஊர்ந்தேன். சுவரில் இல்லை. அலமாரியில் இல்லை. பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்குப் பக்கத்தில் போனபோது குமட்டிக்கொண்டு வந்தது.

"அத்தை, இங்கனதான்!"

அத்தை ஒரு குடம் தண்ணீரை அங்கணத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் போகாமல் நின்றது. பிறகு களக் களக்கென்று உள்ளே ஏதோ பேசியது. அந்தச் சத்தத்தோடு வாடையும் மேலே வந்தது. எங்கள் இருவர் கண்களும் சந்தித்தன.

அத்தை சேலையை வரிந்து கட்டினாள். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக் கடப்பாரை வாங்கி வந்தாள். அங்கணத்துச் சிமெண்டைப் பெயர்த்தாள். அவள் கடப்பாரையை ஓங்கி ஓங்கிக் குத்திய வேகத்தைப் பார்த்து நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். கடைசியில் குழாய் வெளியே தெரிந்தது. குழாய் முழுக்கப் பசை. காகிதக் குழாய் ஒட்டுவதற்கு, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மாவுப்பசையின் மிச்சத்தையெல்லாம் வருடக்கணக்காக அங்கேயே ஊற்றியிருக்கிறார்கள். அது பச்சை பாரித்து, இறுகி, உள்ளுக்குள் அழுகிக் கிடந்தது. கம்பியை விட்டு இழுத்தபோது முழங்கை நீளத்துக்கு ரப்பர் மாதிரி வந்து விழுந்தது. அதை முறத்தில் வைத்து வளவு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் குப்பைக்குக் கொண்டுபோனேன். யாரும் அருகில் வரவில்லை.

கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். எதிர்வீட்டுக்காரர் தானாக வந்து புதுக் குழாய் வைத்துப் பூசிக் கொடுத்தார். கதவு சன்னலை எல்லாம் திறந்துவிட்டு வெயிலை உள்ளே விட்டோம். சனிக்கிழமை காலையில் அத்தை என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் நடுவில் நிறுத்தினாள். அம்மாவும் வீட்டுக்காரம்மாவும் வாசலில் நின்றார்கள். நான் கண்ணை மூடினேன். மூச்சை இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன்.

"ஒண்ணுமே மணக்கல! ஒண்ணுமே நாறல!"

அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். வீட்டுக்காரம்மா மூக்கைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பொம்பள சாதிச்சுட்டா," என்றார். அதன் பிறகுதான் எலுமிச்சம்புல் பினாயிலில் வீட்டைத் துடைத்தோம். அன்று மாலை அப்பா அச்சகத்திலிருந்து ஒரு கட்டு லேபிள் கொண்டுவந்தார். ஏதோ ஊதுபத்தி ஆர்டரில் மிஞ்சிய தாமரைப் படம். அதன் கீழே "வெள்ளை பினாயில்" என்று அச்சடித்திருந்தார். அத்தை வந்ததிலிருந்து நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு வார்த்தை சொல்லாத அப்பா, லேபிள்களைத் தட்டி அடுக்கினார். கட்டை அத்தை பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். அத்தை வீட்டு மாமாதான் வந்தார்! கூட மாமாவின் அண்ணனும், தோளில் வெள்ளைத் துண்டு போட்ட அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும். சொந்த மாமாவே சோதிக்க வருகிறார் என்றால் பாஸ் ஆன மாதிரிதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெரியவரும் மாமாவின் அண்ணனும் அப்பாவும் அத்தையின் வீட்டில் விரித்த புதுப் பாயில் உட்கார்ந்தார்கள். மாமா செருப்பை வெளியே கழற்றிவிட்டு நிலைப்படிக்கு உள்பக்கம் நின்றார். அத்தை எல்லோருக்கும் காபி கொடுத்தாள். மாமாவுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

"வீடு மணமாத்தான் இருக்கு," என்று மாமாவின் அண்ணன் ஆரம்பித்தார். "ஆனாலும் தாயி, ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு வீடு? கெளம்பி வா. அவன் இப்பல்லாம் தொடுறதே இல்ல. சத்தியம் பண்ணிட்டான்."

"ஆமா," என்றார் மாமா.

அத்தை தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா எதைத் தொடுவதில்லை என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். அவரிடமிருந்து பாக்குத்தூளின் இனிப்பு வாசம் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று. இத்தனை நேரமாக யாருமே என் மூக்கைப் பற்றிப் பேசவில்லையே என்று எனக்கு ஒரு குறை இருந்தது. திறமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"மாமா மேல ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது," என்றேன் சத்தமாக. "ஊசி போடுறதுக்கு முந்தி பஞ்சுல தொடைப்பாகல்ல, அந்த வாசம். மேல பாக்கு போட்டிருக்காக."

யாரும் பாராட்டவில்லை. மாமா காபி டம்ளரைச் சன்னல் கட்டையில் வைத்தார். அவருடைய அண்ணன் என்னை முறைத்தார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா நிமிர்ந்தார். "அவ இங்கனயே இருக்கட்டும் மச்சான்," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்க தாயி. இரு. நல்லா இரு."

"போயிட்டு வாங்க," என்றாள் அத்தை. தலை நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அவர்கள் பஸ் ஏறப் போன பிறகு அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். கன்னம் வலிக்கிற அளவுக்கு முத்தம் கொடுத்தாள். நாம் பாஸா என்று கேட்டேன். பாஸ்தான் என்றாள். அந்தப் பக்கம் அத்தை வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் தாராளமாகப் பினாயிலை ஊற்றினாள். துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு நேரே நிலைப்படிக்குப் போய், மாமா நின்ற இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"காலையிலதான் தொடச்சமே அத்தை?"

"கெடக்கட்டும் புள்ள. இன்னொருக்கா தொடைப்போம்."

நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றிருந்தார். காபியும் சிந்தவில்லை. குனிந்து பார்த்தேன், ஒரு மண் துகள்கூட இல்லை. முகர்ந்தும் பார்த்தேன். அத்தையோ பாட்டுப் பாடிக்கொண்டு, அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்படி என்ன அழுக்கு இருந்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.